அப்பா சொல்வதுதான் சரி

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடைக்கு வெப்சைட் போட்டிருக்கிறோம். மஞ்சள் பட்டையில் வெள்ளை எழுத்து, விலை எல்லாம் மெல்லிய சாம்பல் நிறம். டிசைன் செய்த தம்பி இதுதான் இப்போது ஸ்டைல் என்கிறார், அப்பா ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?
வாசகி, ஈரோடு

பதில்: அப்பா சொல்வதுதான். அவர் கண்ணில் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2008இல் சொன்னது: எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சாதாரண அளவு எழுத்தென்றால் குறைந்தது 4.5 மடங்கு, பெரிய எழுத்தென்றால் 3 மடங்கு இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு 21, அதற்கு மேல் போக முடியாது. பளீர் மஞ்சளில் வெள்ளை எழுதினால் வருவது 1.07, அதாவது வெள்ளைத் தாளில் சுண்ணாம்பால் எழுதிய மாதிரி. ரெண்டும் வேறு வேறு நிறம்தானே என்று தம்பி கேட்பார், ஆனால் கணக்கு நிறத்தைப் பார்ப்பதில்லை, எது எவ்வளவு வெளிச்சம் என்றுதான் பார்க்கிறது. மஞ்சளை மாற்றவே வேண்டாம், எழுத்தைக் கறுப்பாக்குங்கள், 19ஐத் தாண்டிவிடும். வாடகைக் கார் நம்பர் பிளேட் அப்படித்தானே இருக்கிறது?

சாம்பல் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற குறியீட்டு எண்ணுள்ள சாம்பல் 4.48 வாங்கி ஃபெயில், 767676 என்றால் 4.54, பாஸ். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். இந்த அரை மார்க் சண்டை நமக்கு எதற்கு, 595959 போடச் சொல்லுங்கள், 7 வந்துவிடும். தமிழ் எழுத்துக்கு எப்படியும் கூடுதலாக வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் மங்கலாக இருந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான், 'பட்டு' 'படடு' ஆகிவிடும்.

தள்ளுபடி விலையைப் பளீர் சிவப்பில் போட்டிருந்தால் அதுவும் 4தான். அரக்குச் சிவப்புக்குப் போங்கள், உங்கள் கடையிலேயே இருக்கும் நிறம். அப்புறம் ஸ்டாக் இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்புப் புள்ளி என்று மட்டும் வைக்காதீர்கள், சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், 'ஸ்டாக் இல்லை' என்று எழுதியே விடுங்கள்.

கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' போய், அதன் நிறக் கட்டத்தைத் தட்டினால் இந்த எண் தெரியும். தம்பி அதற்கும் மசியவில்லையா, மத்தியான வெயிலில் கடை வாசலில் நிற்க வைத்து, அவர் போனிலேயே விலையை வாசிக்கச் சொல்லுங்கள்.