மூன்று வேளை குளியல், அப்படியும் அரிப்பு

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். கல்லூரியில் படிக்கும் என் மகன் வெயில் தாங்காமல் தினமும் மூன்று தடவை குளிக்கிறான். ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினி சோப்பு, போதாததற்கு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஆன்டிசெப்டிக் வேறு. கை கால் எல்லாம் வெள்ளை பூத்து அரிக்கிறது. தோலுக்கு நல்ல கிருமியும் வேண்டும் என்கிறார்களே, சோப்பையே விட்டுவிடலாமா?

பதில்: சோப்பை விட வேண்டாம்மா, அந்த ஆன்டிசெப்டிக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு மூன்று தடவை குளிப்பதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் மூன்று தடவையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நுரை போட்டுத் தேய்த்தால் எந்தத் தோலும் தாங்காது.

தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (அமிலம், காரம் காட்டும் அளவு) 5 வாக்கில் இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் தோது. இவற்றில் சில, சீழ்க்கட்டி வரவைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை அடக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. சாதாரண கட்டிச் சோப்போ காரம், அதன் பிஎச் 9, 10 வரை போகும். தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரமாவது வேண்டும், அதற்குள் உங்கள் மகன் அடுத்த குளியலுக்குப் போய்விடுகிறான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக அலசிப் போகாமல் தோலில் படிந்து அரிப்பைக் கூட்டும்.

'கிருமிநாசினி' என்ற பெயருக்கு மயங்காதீர்கள். டிரைகுளோசான் என்ற கிருமிக்கொல்லி உட்பட 19 பொருட்கள் கலந்த சோப்புகளின் விற்பனைக்கு 2016இல் அமெரிக்க அரசு தடை விதித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதற்குக் கம்பெனிகளால் ஆதாரம் காட்ட முடியவில்லை.

தினம் ஒரு தடவை அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த மூன்றுக்கும் சோப்பு போடட்டும், மற்றபடி வெறும் தண்ணீர் போதும். துடைத்ததும் ஈரம் முழுசாகக் காய்வதற்குள் கை கால்களில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவட்டும். வியர்வை நனைந்த பனியனை மறுநாளும் போடக் கூடாது.

கை கழுவுவது மட்டும் வேறு கணக்கு. பஸ் கம்பியிலும் ரூபாய் நோட்டிலும் இருந்து ஒட்டிக்கொண்டு வருவது வெளிக் கிருமி, கழிப்பறைக்குப் போய்வந்ததும் சாப்பிடும் முன்னும் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், தொடை இடுக்கில் வட்ட வட்டமாகச் சிவந்திருக்கிறதா என்று கேளுங்கள், பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். இருந்தால் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு ஸ்டிராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசினால் அரிப்பு நாலு நாளில் அடங்கும், ஆனால் பூஞ்சை தோலில் சத்தமில்லாமல் பரவும். நேராக மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை அவன் துண்டை வேறு யாரும் தொட வேண்டாம்.