ராத்திரி கை மரத்துப் போய் முழிப்பு வருதா? சுண்டுவிரலை கவனிச்சு பாருங்க

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயசு, வீட்லயே தையல் வேலை பாக்குறேன். நாலஞ்சு மாசமா வலது கைல கட்டைவிரல்ல இருந்து நடுவிரல் வரைக்கும் மரத்துப் போகுது. ராத்திரி தூக்கத்துல முழிப்பு வந்து கையை உதறினாத்தான் சரியாகுது. மெடிக்கல்ல நரம்பு சத்து மாத்திரை வாங்கி போட்டும் கேக்கல. கழுத்து எலும்பு தேய்மானம்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. தைராய்டு மாத்திரைய ஒரு வருஷமா நிறுத்திட்டேன், அதனால இருக்குமா? தையலை விட்டுடணுமா?

பதில்: நீங்க எந்தெந்த விரல்னு சொன்னதே பாதி டயக்னோசிஸ்ங்க. இது பெரும்பாலும் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டுல எலும்புக்கும் மேல இருக்குற கெட்டியான தசைநார் பட்டைக்கும் நடுவுல ஒரு குறுகலான வழி இருக்கு, அதுக்குள்ள விரலை மடக்குற 9 தசைநாரும் மீடியன் நரம்பும் போகுது, உள்ள கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குறது அந்த நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இவ்ளோதான் அதோட ஏரியா. சுண்டுவிரலுக்கு வேற நரம்பு, அதனால அது மரக்காது. நீங்களும் அதை சொல்லல பாருங்க. தூங்கும்போது நம்மள அறியாம மணிக்கட்டு மடங்கிக்கும், அழுத்தம் ஏறும், அதான் ராத்திரி தொல்லை.

கழுத்துல நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும்தான், ஆனா அதுல பொதுவா கழுத்து வலி இருக்கும், தோள்ல இருந்து கை வரைக்கும் இழுக்கும், கழுத்தை திருப்பினா அதிகமாகும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லாத மாதிரி தெரியுது, அப்புறம் எதுக்கு கழுத்துக்கு எக்ஸ்ரே? 40 தாண்டினவங்க பலருக்கு எடுத்தா கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும்.

எனக்கு இதுல உறுத்துறது தைராய்டு மாத்திரைதான். தைராய்டு குறைஞ்சா உடம்பு திசுக்கள்ல நீர் கோத்துக்கும், மணிக்கட்டுலயும் அதேதான். சுகர், முடக்குவாதம், உடல் பருமன், பழைய மணிக்கட்டு எலும்பு முறிவு இதெல்லாமும் காரணம் ஆகலாம், கர்ப்பிணிகளுக்கும் வரும், ஆனா அது பெரும்பாலும் குழந்தை பிறந்ததும் போயிடும். அதனால முதல்ல டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்த டெஸ்ட்), சுகர் ரெண்டும் பாருங்க. பழைய மாத்திரைய எடுத்து நீங்களே ஆரம்பிச்சுடாதீங்க, டோஸ் மாறியிருக்கும். நரம்பு சத்து மாத்திரை பி12 குறைவா இருந்தா உதவும், நசுங்குற நரம்பை அது விடுவிக்காது, மாசக்கணக்கா காசு போனதுதான் மிச்சம்.

சிகிச்சைனு பாத்தா, சர்ஜிக்கல் கடைல ரிஸ்ட் ஸ்ப்ளிண்ட்னு கேளுங்க, மணிக்கட்டை மடக்க விடாம நேரா வெச்சிருக்கணும், துணி மாதிரி தொளதொளன்னு இருக்குற கைப்பட்டையால பிரயோஜனம் இல்ல. தினமும் ராத்திரி போட்டு தூங்குங்க, குறைஞ்சது ஆறு வாரம். ரெண்டு நாள் போட்டுட்டு கேக்கலன்னு கழட்டி வெச்சுட்டு வர்றவங்கதான் எங்ககிட்ட ஜாஸ்தி. அதுக்கும் குறையலன்னா மணிக்கட்டுல ஒரு ஸ்டீராய்டு ஊசி, பலருக்கு சில மாசம் நல்லா இருக்கும், சிலருக்கு திரும்ப வரும். சுகர் இருக்கறவங்களுக்கு அந்த ஊசியால சுகர் கொஞ்ச நாள் ஏறும்.

ஆனா ஒண்ணு, ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சு கட்டைவிரலுக்கு கீழ இருக்குற சதை மேட்டை பாருங்க. வலது பக்கம் வத்தின மாதிரி இருந்தா, இல்ல பொருள் கைலேர்ந்து நழுவுது, பட்டன் போட முடியல, மரப்பு நாள் முழுக்க இருக்குன்னா ஆறு வாரம் காத்திருக்காதீங்க. நரம்பு கடத்தல் டெஸ்ட் (நரம்புல சிக்னல் எப்படி போகுதுன்னு பாக்குறது) எடுத்துட்டு உடனே ஆர்த்தோ இல்ல பிளாஸ்டிக் சர்ஜனை பாருங்க. ஆபரேஷன்னதும் பயப்படாதீங்க, அந்த இடத்தை மட்டும் மரக்க வெச்சு நரம்புக்கு மேல இருக்குற அந்த தசைநார் பட்டைய வெட்டி விடுறதுதான், அன்னைக்கே வீட்டுக்கு போயிடலாம். பிடிமானம் பழையபடி வர ரெண்டு மூணு மாசம் ஆகும். சதை நல்லா வத்தினப்புறம் செஞ்சா முழுசா திரும்பாம போகலாம்.

தையலை விட வேண்டாம். மிஷினை விட எனக்கு சந்தேகம் கத்தரி மேலதான், கெட்டித் துணிய அழுத்திப் பிடிச்சு வெட்டுறது மணிக்கட்டை ரொம்ப படுத்தும். கட்டிங்கை மட்டும் கொஞ்ச நாள் வேற யார்கிட்டயாவது கொடுங்க, தைக்கும்போது அரை மணிக்கு ஒருதடவை கைக்கு ரெஸ்ட் விடுங்க. ரிப்போர்ட் வந்ததும் அந்த டிஎஸ்ஹெச் அளவை எனக்கு எழுதுங்க.