கடல்நீரைக் குடிநீராக்கினால் உலகத்தின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் கோவையில் இருப்பதாக எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க நன்னீர் குறைந்துகொண்டே வருகிறது என்கிறார்களே, இவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது உப்பை எடுத்துவிட்டுக் குடித்தால் போதாதா, இல்லை வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

குடிப்பதற்கு அது ஓரளவு உதவும். சோறு போடாது. இதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல எங்கள் ஊர் ஊற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் கோத்தகிரிப் பக்கம். அப்பா எங்கள் ஊராட்சியில் 22 வருடம் டேங்க் ஆபரேட்டர். ஊருக்கு மேலே ஒரு சின்னச் சோலை, அதன் காலடியில் ஊற்று, ஊற்றுக்குக் கீழே சிமென்ட் தொட்டி. விடியற்காலை ஐந்தரைக்கு அப்பா தொட்டியின் பலகையை நகர்த்திவிட்டு ஆறடி நீளக் கற்பூர மர (யூகலிப்டஸ்) குச்சியை உள்ளே விடுவார். அரையடிக்கு ஒரு கோடாகக் கத்தியால் கீறி வைத்திருந்தார். டார்ச் பிடிப்பது என் வேலை. குச்சியை வெளியே எடுத்ததும் ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பத்தாம் கோடு நனைந்திருந்தால் ஊர் முழுக்கத் தண்ணீர். ஆறு என்றால் மேல் லைனுக்கு இன்று, கீழ் லைனுக்கு நாளை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பனி கொட்டுகிற ஜனவரி முடிந்து வறட்சி தொடங்குகிற பிப்ரவரியிலும் ஏழுக்குக் கீழே இறங்கிப் பார்த்ததில்லை. அப்பா வேலையை விட்ட வருடம் ஏப்ரலில் இரண்டாம் கோடுதான் நனைந்தது. எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டார்கள். விசேஷ வீட்டுக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கினார்கள், மலைக்கு மேலே.

மழை பெய்யாமல் போய்விட்டதா என்றால் அப்படியும் இல்லை. 2019 நினைவிருக்கும். அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அடுத்த மாதமே இங்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாலைகள் சரிந்தன, உயிர்கள் போயின. வானம் கொடுத்ததைப் பிடித்து வைத்துக்கொள்ள மண்ணுக்குத் தெம்பு இல்லாததுதான் எங்கள் பஞ்சம். உலகத்தின் பஞ்சத்திலும் பெரிய பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, கடலுக்கு வருவோம். சென்னை மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் தொடங்கியது. நாளுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் திறனோடு கட்டினார்கள். கடலோர நகரத்துக்கு அது தேவைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் நன்னீர் எடுக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மிஞ்சுகிற கடும் உப்புநீர் மறுபடி கடலுக்கே போகிறது. மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசி விளைய, வயலில் விழும் மழையையும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் ஆகிறது. அவ்வளவும் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் வர வேண்டும் என்றால், கிலோ அரிசிக்குத் தண்ணீர்ச் செலவாக மட்டும் ஏழரை முதல் 10 யூனிட் மின்சாரம் ஆகும். கோவைக்குக் கொண்டுவர 400 மீட்டர் உயரம் ஏற்றவும் வேண்டும். யாரால் முடியும்?

அதனால் முதலில் பார்க்க வேண்டியது வயலைத்தான். என் அத்தை வீடு கோபியில். கொடிவேரி அணைக்கட்டிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல். ஜூன் பிறந்தால் மாமா போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே "ஏம் மாப்ள, மேல மழை எப்படி?" என்பார். அவர் இப்போது வயலில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து வைத்திருக்கிறார். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை மடையைத் திறப்பதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்கிறார்கள். நம் ஊரில் இதற்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று பேரே உண்டு. முதல் வருடம் வெடிப்பு விட்ட வயலைப் பார்த்து அத்தை அழாத குறை. விளைச்சல் குறையவில்லை என்றதும்தான் சமாதானமானார்.

நகரங்களுக்கும் வழி இருக்கிறது. நமீபியாவின் வின்ட்ஹோக் நகரம் 1968 முதல் கழிவுநீரைச் சுத்தம் செய்து குடிநீரோடு கலந்து கொடுக்கிறது. சிங்கப்பூர் 2003-இல் பெரிய அளவில் அதில் இறங்கியது. இஸ்ரேலில் கழிவுநீரின் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 சதவீதம், வயலுக்குத் திரும்புகிறது. கேப்டவுன் 2018 வறட்சியில் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்துத் தப்பித்தது. இதெல்லாம் நம்மாலும் முடியும்.

எனக்கு மனசு நிற்பது இவற்றுக்கு மேலே இருக்கும் இடத்தில். நீலகிரியின் உச்சிப் பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும் பள்ளங்களில் சோலையும் அவற்றின் நடுவே சதுப்புமாக இருந்தது. மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல) கற்பூர மரமும் வந்தன. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று பிற்பாடு மலை மலையாக நட்டார்கள். உதகையில் உள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் அளந்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருடத்தில், மரம் நட்ட பள்ளத்திலிருந்து வெளியே வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரம் என்றாலே மழை, தண்ணீர் என்று படித்து வளர்ந்த எனக்கு இது முதலில் நம்பவே முடியாததாக இருந்தது. எந்த மரம், எந்த இடத்தில் என்பது முக்கியம். அப்புறம் தேயிலைக்கும் கேரட்டுக்கும் வடிகால் வெட்டிய சதுப்புகள் எத்தனை! எங்கள் ஊற்றுக்கு மேலே இருந்த ஈரநிலமும் அப்படித்தான் போனது.

இந்த மலையின் தண்ணீரை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பில்லூர் அணையிலிருந்து கோவைக்குக் குடிநீர். பவானியும் மாயாறும் சேரும் பவானிசாகர், 1955-இல் கட்டி முடித்த அணை. அதிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் வழியாக மட்டும் 2,07,000 ஏக்கர் பாசனம். அதற்கும் கீழே மாமாவின் வயல். ஆனால் இந்தத் தண்ணீருக்குக் கீழே யாரும் கொடுக்கும் கட்டணத்தில், மேலே சதுப்பை உழாமல் விட்டுவைக்கும் குடும்பத்துக்கு ஒரு பைசா வருவதில்லை. கேரட் போட்டால் மூன்று நாலு மாதத்தில் காசு. சும்மா விட்டால் கோபிக்காரருக்குத் தண்ணீர். கடன் வாங்கியவன் எதைச் செய்வான்? அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

நியூயார்க் இதை வேறு மாதிரி செய்தது. ஏறத்தாழ 90 லட்சம் பேர் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி தூரத்துக் காட்ஸ்கில், டெலவேர் மலைப்பக்கங்களிலிருந்து வருகிறது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, 1997-இல் மலையூர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். நகரத்தின் பணம் மேலே போனது. பண்ணைக்காரர்கள் மாட்டுச்சாணம் ஓடையில் கலக்காமல் பார்த்துக்கொள்ள உதவி, நிலத்தைக் காடாகவே வைத்திருக்க விலை. தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கிய திட்டத்தில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து, ஆறுகளின் தலைமாட்டில் பரவிய அயல் மரங்களை வெட்டினார்கள். அதில் நம் மலையை மூடியிருக்கும் அதே ஆஸ்திரேலியச் சீகையும் உண்டு.

உலகம் என்ன செய்யலாம் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். இமயமலைக்குக் கீழே இருப்பவர்களும், ஆண்டிஸுக்குக் கீழே இருப்பவர்களும், எங்களுக்குக் கீழே இருக்கும் நீங்களும், தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு சின்னப் பங்கை மேலே அனுப்ப வேண்டும். பில்லூர் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 10 காசு வைத்தால்கூட இங்கே எத்தனையோ ஊற்றுகளைக் காப்பாற்றலாம்.

அதற்காக ஒரே மூச்சில் எல்லாச் சீகையையும் மொட்டையடிக்கச் சொல்லவில்லை. பழனி மலையில் பல இடங்களில் சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழும்பி வருகின்றன. திடீரென்று வெட்டினால் அவையும் கருகும், மண்ணும் கரையும். தவிர, மண்ணுக்குள் கிடக்கும் சீகை விதை பல பத்து வருடம் உயிரோடு இருக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். வெட்டுவது ஒரு நாள் வேலை. பிடுங்குவது பத்து வருட வேலை.

எங்கள் ஊரில் எட்டுக் குடும்பம் சேர்ந்து மூன்று வருடம் முன்பு ஊற்றைச் சுற்றி வேலி போட்டோம். மேலே இருந்த ஈரநிலத்தில் கால் ஏக்கரை அதன் சொந்தக்காரர் குத்தகைக்கு விட்டார். வடிகாலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தோம். கோரையும் புல்லும் தானாகவே திரும்பி வந்தன. இந்த ஏப்ரலில் அப்பா பழைய குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டார்ச் பிடித்தது என் மகள். நாலாம் கோடு நனைந்திருந்தது. போன ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாக இருந்தது, ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லாதே என்றார் அப்பா.

ஜூன் மழைக்கு வேலிக்குள் சீகை மறுபடி விரல் உயரம் முளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிடுங்கப் போகிறோம்.