ஒரே பெஞ்சில் உட்கார வெச்சாப் போதுமா? – கேள்வி பதில்

பல ஊர், பல மொழி, பல சாதிப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற பள்ளியில் அவங்களுக்குள்ள ஒட்டுதல் வர்றது எப்படி? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். பதில் சொல்ற நான் திருப்பூர் வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநரா இருந்து ஓய்வு பெற்றவள். மார்க், மாறுதல், சம்பளக் கேள்விகளை இங்க கேட்காதீங்க.

நல்லூர், திருப்பூர் – நடுநிலைப் பள்ளி ஆசிரியை: வணக்கம்ங்க டீச்சர். என் ஏழாம் வகுப்பில் 36 பேர். அதில் 12 பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளைங்க. எல்லாரையும் கலந்துதான் உட்கார வெச்சிருக்கேன். பெல் அடிச்சதும் ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சிடறாங்க. அவங்க ஊர் உடை, ஆட்டம், பலகாரம்னு ஒரு கலாச்சார நாள் வைக்கலாமுங்களா?

கலாச்சார நாள் வேண்டாமுங்க. அன்னைக்கு ஒரு நாள் அந்த 12 பேரும் மேடையில் நிப்பாங்க, மத்தவங்க வேடிக்கை பார்ப்பாங்க. "இவங்க வேற, நாம வேற"ங்கறது அன்னைக்குத்தான் நல்லா மனசில் பதியும். அதோட, பீகார் குடும்பத்துப் பையனுக்கு அந்த ஊர் ஆட்டம் தெரிஞ்சிருக்கணும்னு என்ன கட்டாயம்? அவன் நடை பழகினதே திருப்பூர் லைன் வீட்டு வாசலில். நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வள்ளி கும்மி ஆடத் தெரியும்?

கலந்து உட்கார வெச்சது சரி, ஆனா அது பத்தாது. கார்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1954-லயே இதைச் சொல்லிட்டார். ரெண்டு கூட்டம் பக்கத்துல பக்கத்துல இருந்துட்டா மட்டும் வெறுப்பு குறையாது. அந்த இடத்தில் ரெண்டு பேருக்கும் சமமான மதிப்பு வேணும். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு காரியம் வேணும், அதைச் சேர்ந்துதான் முடிக்க முடியணும். மேல இருக்கறவங்க அதுக்கு வெளிப்படையா ஆதரவா நிக்கணும்.

இதை வகுப்புக்குள்ள கொண்டு வந்தவர் எலியட் ஆரன்சன். 1971-ல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தப்போ தினமும் சண்டை. அவர் புத்திமதி எதுவும் சொல்லலை, பாடம் நடத்தற முறையை மாத்தினார். நீங்களும் அதையே செய்யுங்க.

பனியன் உருவாகற கதையை எடுத்துக்கோங்க. பஞ்சிலிருந்து நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங்-பேக்கிங்னு ஆறு துண்டா வரும். ஆறு பேர் கொண்ட ஆறு குழு பிரிங்க. ஒவ்வொரு குழுவிலும் வெளிமாநிலப் பிள்ளைகள் ரெண்டு பேர் இருக்கட்டும். ஒரே ஒருத்தரை மட்டும் தனியா விட்டுடாதீங்க. குழுவில் ஒருத்தருக்கு ஒரு துண்டுதான், அடுத்த துண்டைப் பார்க்கக் கூடாது. முதல்ல சாயத் துண்டு வெச்சிருக்கற ஆறு பேரும் ஓரிடத்தில் கூடிப் படிப்பாங்க. நொய்யல் ஆறு கெட்டது, 2011-ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அப்புறம் கழிவுநீரைச் சொட்டுக் கூட வெளிய விடாம சுத்திகரிக்கற முறை நடைமுறைக்கு வந்தது எல்லாம் அதில் வரும். அப்புறம் அவங்கவங்க குழுவுக்குத் திரும்பி, மத்த அஞ்சு பேருக்கும் சொல்லித் தரணும். கடைசியில் பரீட்சை, ஆளாளுக்குத் தனியா, ஆறு துண்டிலிருந்தும் கேள்வி.

இப்ப என்ன நடக்கும்னு பாருங்க. தையல் துண்டு தமிழ் திக்கற பையன் கையில் இருக்கு. அவனைக் கிண்டல் பண்ணினா தையல் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. அதனால "மெதுவாச் சொல்லுடா, பேட்லாக் தையல் அப்புறமா ஓவர்லாக் தையல் அப்புறமா?"ன்னு தானாக் கேட்க ஆரம்பிப்பாங்க. அவங்க அம்மா பவர் டேபிள்ல, அதான் பனியன் கம்பெனித் தையல் மெஷின்ல, உட்கார்றவங்களா இருந்தா, புத்தகத்தில் இல்லாததையும் அவன் சொல்லுவான். வாரம் ரெண்டு பீரியட், ஆறு வாரமாவது விடாமப் பண்ணுங்க. ஒரே நாள் பண்ணிட்டு "பலனில்லை"ன்னு எனக்கு எழுதாதீங்க.

பெருமாநல்லூர் – ஒரு அம்மா: என் பொண்ணு பக்கத்தில் இந்திக்காரப் பையனை உட்கார வெச்சிருக்காங்க. இவ படிப்பு கெட்டுடாதுங்களா?

கெடாதுங்க. உங்க பொண்ணு அவனுக்கு ஒரு கணக்கைச் சொல்லித் தந்தா, அந்தக் கணக்கு அவளுக்கு இன்னும் நல்லாப் பதியும். அவன் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. வீட்டில் "இந்திக்காரப் பையன்"னு நீங்க சொன்னா, நாளைக்கு வகுப்பில் அவளும் அப்படித்தான் கூப்பிடுவா.

பல்லடம் – தொடக்கப் பள்ளி ஆசிரியர்: ஜார்க்கண்டிலிருந்து வந்த பொண்ணு மூணாம் வகுப்பு. சேர்ந்து மூணு மாசம் ஆச்சு, வாயே திறக்கறதில்லை. இந்தி தெரிஞ்ச ஆளை வெச்சுப் பேசியும் பார்த்தாச்சு.

அந்தப் பிள்ளைக்கு இந்தியும் வேற மொழியா இருக்கலாமுங்க. ஜார்க்கண்ட் வீடுகளில் சந்தாலி, முண்டாரி, ஹோ, குருக் பேசறவங்க நிறைய. பீகார்னா போஜ்புரி, மைதிலி, மகஹி. வடக்கே இருந்து வந்த பிள்ளைன்னாலே இந்தின்னு நாம போடற கணக்கு தப்பு. சந்தாலிக்கு ஓல் சிக்கின்னு சொந்த எழுத்தே இருக்கு, ரகுநாத் முர்மு 1925-ல் உருவாக்கினது. 2003-ல் அந்த மொழி அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணைக்கும் வந்துடுச்சு. முதல்ல வீட்டில் என்ன பேசறாங்கன்னு அப்பா அம்மாகிட்ட கேளுங்க.

புது மொழிக்கு நடுவில் விழுந்த பிள்ளை சில மாசம் பேசாம இருக்கறது சகஜம்தான். அந்த நேரம் பூரா அவ காது வேலை செஞ்சுட்டே இருக்கும். "ஒரு வார்த்தை சொல்லு சாமி"ன்னு எல்லார் முன்னாடியும் நிறுத்தாதீங்க. நோட்டு வாங்கிட்டு வர்றது, செடிக்குத் தண்ணி விடறது மாதிரிப் பேச்சு தேவைப்படாத வேலையை இன்னொரு பிள்ளையோட சேர்த்துக் கொடுங்க. காது நல்லாக் கேட்குதான்னு டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க.

அவிநாசி – பெற்றோர்: பக்கத்து வீட்டு ஒடிசாப் பையனை டி.சி. இல்லைன்னு பள்ளியில் சேர்க்க மாட்டேங்கறாங்க.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதமாகுதுன்னு சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயசுச் சான்று இல்லைன்னும் மறுக்கக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்க, இல்லைன்னா அரசோட கல்வி உதவி எண் 14417-க்குப் போன் பண்ணுங்க. இதுக்கு மேல சேர்க்கைக் கேள்வி வேண்டாமுங்க.

பொள்ளாச்சி – ஆசிரியை: வகுப்புச் சுவரில் "எங்கள் வீட்டு மொழிகள்"னு ஒரு படம் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் வீட்டு மொழியைச் சொல்ற மாதிரி பண்ணலாமான்னு யோசிக்கிறேன்.

நல்ல எண்ணம்தான். ஆனா நம்ம பக்கத்தில் அப்படிப் பண்ணவே பண்ணாதீங்க. கொங்கு நாட்டில் வீட்டு மொழி பல நேரம் சாதியைக் காட்டிக் கொடுத்துடும். தேவாங்கர் வீட்டில் கன்னடம், நாயுடு வீட்டில் தெலுங்கு, அருந்ததியர் வீடுகள் பலதிலும் தெலுங்கு. ஒரு பிள்ளை எழுந்து "எங்க வீட்டில் தெலுங்கு"ன்னு சொன்னா, அடுத்த இடைவேளையில் "எந்தத் தெலுங்கு?"ன்னு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து வீட்டு மொழியையே மறைக்கற பிள்ளைகள் உண்டு. உங்களுக்குத் தெரியணும்னா தனியாக் கேட்டு உங்க நோட்டில் குறிச்சுக்கோங்க. எந்தப் பிள்ளையையும் அவன் எங்கிருந்து வந்தவன்னு ஊரறியச் சொல்ல வைக்காதீங்க. இன்னைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

காங்கயம் – ஆசிரியர்: எங்க பள்ளியில் பாரம்பரிய உடைப் போட்டி வைக்கலாம்னு...

நல்லூர் டீச்சருக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

கோவை – தனியார் பள்ளி ஒருங்கிணைப்பாளர்: பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நடந்தா, பார்வையற்றவங்க கஷ்டம் புரியும்தானே? வகுப்பை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதியை ஒரு நாள் மட்டம் தட்டிக் காட்டற பயிற்சியும் கேள்விப்பட்டிருக்கோம்.

ரெண்டும் வேண்டாமுங்க. கண்ணைக் கட்டினதும் பிள்ளை முட்டிக்கும், பயப்படும். "ஐயோ பாவம், நமக்கு இப்படி ஆகலையே"ங்கற எண்ணம்தான் மிஞ்சும். பார்வையில்லாத பிள்ளை கோலை வெச்சு எவ்வளவு லாவகமா நடக்குது, காதால எவ்வளவு தெரிஞ்சுக்குதுங்கற திறமை அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்கே படாது. அப்படி ஒரு பிள்ளை உங்க பள்ளியில் இருந்தா அறிவியல் குழுவில் சேருங்க, வேலையைப் பங்கு போட்டுக் கொடுங்க.

நீங்க சொல்ற ரெண்டாவது பயிற்சியை 1968-ல் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட்னு ஒரு ஆசிரியை செஞ்சாங்க. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மறுநாள், கண் நிறத்தை வெச்சு மூணாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரிச்சாங்க. பேர் பெற்ற பயிற்சிதான். நம்ம வகுப்பில் தினமும் உண்மையாவே மட்டம் தட்டப்படற பிள்ளைகள் உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு அதை இன்னொரு தடவை நடிச்சுக் காட்டறது கொடுமை.

கோபிசெட்டிபாளையம் – ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்: நாங்க படிச்சப்ப பள்ளியில் சாதியைப் பத்திப் பேசினதே இல்லீங்க. நீங்கதான் பேசிப் பேசிப் பிள்ளைகளுக்குக் கத்துக் கொடுக்கறீங்க.

ஐயா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பேசாம இருந்ததால அது இல்லாமப் போகலை. எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், எங்க எட்டி நிக்கணும்னு ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். 2018-ல் நம்ம அவிநாசி பக்கம், சத்துணவு சமைக்க வந்த ஒரு அருந்ததியர் அம்மா சமைக்கக் கூடாதுன்னு பெற்றோரே பள்ளிக்கு வந்து தகராறு பண்ணினாங்க. பிள்ளைகள் அதை நின்னு பார்த்தாங்க. அன்னைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு யார் பாடம் நடத்தினது?

2023-ல் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனைக் கூடப் படிச்சவங்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினதுக்கு அப்புறம், ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதியைக் காட்டற கலர் கயிறு கட்டக் கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்கணும், பள்ளிப் பேரில் இருக்கற சாதிப் பேரை எடுக்கணும்னு அதில் சொல்லியிருக்காங்க. இது தென் மாவட்டத்துக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

தாராபுரம் – பெற்றோர்: கயிறு கூடாதுன்னா, மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டின பையன் என்ன பண்ணுவான்? போன வருஷம் பி.டி. வாத்தியார் என் பையன் கையில் இருந்த மஞ்சக் கயித்தைக் கத்திரி வெச்சு வெட்டிட்டார். வீட்டில் அவங்க அப்பத்தா அழுதுட்டாங்க.

வாத்தியார் செஞ்சது தப்புங்க. நோம்பி முடிஞ்சதும் அவிழ்க்கற காப்பும், வருஷம் பூரா "நாங்க இன்னார்"னு காட்டக் கட்டற கலர் கயிறும் ஒண்ணில்லை. எது எதுன்னு அந்தத் தெருவில் இருக்கற எல்லாருக்கும் தெரியும். கலர் கயிறா இருந்தாலும் வகுப்பு நடுவில் வெட்டக் கூடாது. தனியாக் கூப்பிட்டு, பையனே அவிழ்த்துக் கொடுக்கற மாதிரிப் பேசணும். எல்லார் முன்னாடியும் அவமானப்பட்ட பையன் நாளைக்கு நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு ரெண்டு கயிறாக் கட்டிட்டு வருவான்.

ஈரோடு – ஆசிரியர்: நீங்க சொல்றது நடைமுறைக்கு ஆகாது டீச்சர். காப்புக்கு விலக்குக் கொடுத்தா, நாளைக்கு எல்லாக் கயிறும் "கோயில் கயிறு"ன்னு சொல்லிட்டு வரும். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்.

உங்க சங்கடம் புரியுதுங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பெற்றோரை வெச்சுக்கிட்டே, நோம்பி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைன்னு எழுதிக்கோங்க. அதுக்கப்புறம் எந்தக் கயிறும் இல்லைன்னு அவங்களே கையெழுத்துப் போடட்டும். விதி தளராது, பிள்ளையும் அவமானப்படாது.

கோபி தலைமையாசிரியர் மறுபடியும்: அகர வரிசையில் உட்கார வெச்சா நட்பு வந்துடுங்களா?

வராதுங்க ஐயா. யார் பக்கத்தில் யார் உட்காரணும்னு வீட்டாரும் தெருவும் முடிவு பண்றதை அது நிறுத்தும், அவ்வளவுதான். நட்பு வர்றதுக்கு சேர்ந்து செய்யற வேலை வேணும். கூட்டறது, தண்ணி சுமக்கறது எல்லாம் சுழற்சி முறையில் எல்லாப் பிள்ளைக்கும் வரணும். கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. மதியம் சத்துணவுத் தட்டு ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம்னு பிரியுதே, அதைக் கவனிங்க. எல்லாரும் ஒரே வரிசை, ஆசிரியரும் அதே வரிசையில் உட்கார்ந்து அதே சத்துணவைச் சாப்பிடணும். ஆல்போர்ட் சொன்ன மேலிடத்து ஆதரவு நம்ம ஊரில் அந்தத் தட்டில்தான் தெரியும். கயிறைப் பத்தி இன்னும் நிறையப் பேர் எழுதியிருக்கீங்க. இதோட நிறுத்திக்கறேன்.

சூலூர்: பரிவை அளக்க ஏதாவது ஆப் இருக்குங்களா?

வேண்டாமுங்க. மதியச் சாப்பாட்டில் யார் தனியா உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க.

உடுமலை – ஆசிரியை: குடியரசு தினத்துக்கு வெளிமாநிலப் பிள்ளைகளை அவங்க ஊர் உடையில்...

வேண்டாம். மேல மூணு தடவை சொல்லியாச்சுங்க.

வால்பாறை – எஸ்டேட் பள்ளி ஆசிரியர்: அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர் பிள்ளைகள் நல்லாப் பழகின பிறகு திடீர்னு ஊருக்குப் போயிடறாங்க. இங்க இருக்கற பிள்ளைகள் ஏங்கிப் போறாங்க. அடுத்து வர்றவங்களோட ஒட்டவே மாட்டேங்கறாங்க.

இதை யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தேங்க. பிரிஞ்சு போற வலி தெரிஞ்ச பிள்ளை அடுத்த தடவை பழகப் பயப்படும், அது இயல்பு. போறது முன்கூட்டியே தெரிஞ்சா வகுப்பில் சொல்லி வழியனுப்புங்க. சொல்லாமப் போயிட்டாலும், அந்தப் பேரை வருகைப் பதிவில் சத்தமில்லாம அடிச்சிட்டு நகர்ந்துடாதீங்க. "அனிதா ஊருக்குப் போயிட்டா"ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க. அவ பாதியில் விட்ட படமோ நோட்டோ இருந்தா பிள்ளைகளே எடுத்து வைக்கட்டும். அப்பா அம்மா போன் நம்பர் இருந்தா வகுப்பா சேர்ந்து ஒரு தடவை பேசுங்க.

இன்னொண்ணு. உங்க தமிழ்ப் பிள்ளைகளோட கொள்ளுத்தாத்தா காலத்தில் அவங்களும் கீழ்நாட்டிலிருந்து தேயிலை வேலைக்கு மலையேறி வந்தவங்கதான். அந்தக் கதையை வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. வகுப்பில் எல்லாரும் எழுதணும், வெளிமாநிலப் பிள்ளைகள் மட்டும் இல்லை. வாசிக்க விருப்பமில்லாதவங்களை விட்டுடுங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருப்பூர்: எங்க கிளாஸ்ல ஒரு பையனை எல்லாரும் "பானிபூரி"ன்னு கூப்பிடறாங்க டீச்சர். எனக்குக் கஷ்டமா இருக்கு. நான் சொன்னா என்னையும் கிண்டல் பண்ணுவாங்க.

கண்ணு, நீ எல்லாரையும் எதிர்த்து நிக்க வேண்டியதில்லை. நாளைக்கு அவனை அவன் பேர் சொல்லிக் கூப்பிடு, நாலு பேர் காதில் விழற மாதிரி. தினமும் அப்படியே கூப்பிடு. உனக்கு நெஜமாவே தெரியாத ஒரு கணக்கையோ பாடத்தையோ அவன்கிட்ட கேளு. பாவம்னு நினைச்சுக் கேட்டா அவனுக்குத் தெரிஞ்சுடும். உன் தோழி ஒருத்தியையும் கூடச் சேர்த்துக்கோ, ரெண்டு பேர் ஆயிட்டா கிண்டல் பாதி அடங்கிடும். அடி, மிரட்டல்னு போச்சுன்னா அது நீ தீர்க்கற விஷயம் இல்லை சாமி, அன்னைக்கே வகுப்பு டீச்சர்கிட்ட சொல்லு. அவங்க கேட்கலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணு, யார் வேணும்னாலும் பண்ணலாம், காசு ஆகாது.