விரல் விட்டு எண்ணுகிற பையனுக்கு டியூஷன் வேண்டுமா?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. 8+5 என்றால் இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறான். தினமும் சாயங்காலம் நானே சொல்லித் தருகிறேன். கடைசியில் அவன் அழுகையில்தான் முடிகிறது. எனக்கும் சின்ன வயதிலிருந்தே கணக்கென்றால் பயம். டியூஷனுக்கு அனுப்பலாமா?

பதில்: ஏழு வயதில் விரல் விடுவது குறையே இல்லை, தடுக்காதீர்கள். எப்படி எண்ணுகிறான் என்று மட்டும் பாருங்கள். எட்டை மனதில் வைத்துக்கொண்டு 9, 10, 11, 12, 13 என்று போகிறானா? அப்படியென்றால் சரி. ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறான் என்றால், இந்த ஒரு படியைத்தான் இப்போது பழக்க வேண்டும். அதற்கு டியூஷன் தேவையில்லை.

எனக்குக் கவலை உங்கள் பயத்தைப் பற்றித்தான். அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது பிள்ளைகள் அந்த ஆண்டு கற்றது குறைந்தது, பயமும் கூடியது. அதே ஆண்டு சிகாகோவில் வேறொரு ஆய்வு: பெற்றோரும் பிள்ளையும் டேப்லெட்டில் சின்னச் சின்னக் கணக்குக் கதைகளைச் சேர்ந்து படித்தார்கள். அதில் நன்றாக முன்னேறியவர்கள் பயந்த பெற்றோரின் பிள்ளைகள்தான்! எனவே நீங்கள் விலக வேண்டாம், உதவும் விதத்தை மாற்றினால் போதும்.

வீட்டுப்பாட நோட்டைக் கொஞ்ச நாள் அப்பாவோ தாத்தாவோ, பதற்றப்படாத யாராவது பார்க்கட்டும். நீங்கள் பரமபதம் விளையாடுங்கள். காய் 38இல் நிற்கிறது, தாயக்கட்டையில் 5 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வழக்கமாக “1, 2, 3” என்று காயைத் தட்டிக்கொண்டு போவார்கள். அப்படி வேண்டாம், “39, 40, 41, 42, 43” என்று கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லியே நகர்த்தச் செய்யுங்கள். நூறு கட்டப் பலகையை வைத்து நடத்திய ஆய்வில் இப்படி எண்ணிய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். 8+5க்கு வேண்டியதும் இதே பழக்கம்தான்.

அப்புறம் புளியங்கொட்டை எடுத்து எட்டு ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம் வையுங்கள். ஐந்திலிருந்து இரண்டை அவனே தள்ளிப் பத்தாக்கட்டும், மிச்சம் மூன்று. அவசரப்படுத்தாதீர்கள். “எனக்கும் கணக்கு வராது” என்று அவன் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள், ஆறுதலுக்காகக்கூட.

மூன்றாம் வகுப்பு முடியும்போதும் 47, 74 இரண்டில் எது பெரிது என்று தடுமாறினால் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டலாம்.