எரோல் ஃபிளின் படப்பிடிப்பு இல்லாத நாட்களில் என்ன செய்வார்?

பழைய ஹாலிவுட் சாகச நாயகர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரைப் பற்றியும் சொன்னால் நீண்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த எரோல் ஃபிளினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவருக்குக் கடல்தான் எல்லாம். படங்களில் நடித்ததே படகுக்குக் காசு சேர்க்கத்தானோ என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

1909இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரில் பிறந்தவர். அப்பா உயிரியல் பேராசிரியர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிப் பார்த்தும் பிரயோசனமில்லை. இருபது வயதையொட்டி நியூ கினிக்குப் போய் என்னென்னவோ வேலை பார்த்தார், அதில் புகையிலைத் தோட்டமும் ஒன்று. 1930இல் 'சிரோக்கோ' என்ற பழைய பாய்மரப் படகை வாங்கி, நண்பர்களோடு சிட்னியிலிருந்து கரையோரமாகவே நியூ கினி வரை ஓட்டிக்கொண்டு போனார். அப்போது அவர் ஒரு படத்தில்கூட நடித்திருக்கவில்லை. திரையில் கப்பல் தலைவனாக வந்து நின்றபோது அவ்வளவு இயல்பாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1935இல் 'கேப்டன் பிளட்' வந்தது, ஒரே படத்தில் நட்சத்திரமாகிவிட்டார். 1938இல் 'ராபின் ஹுட்'. 1940இல் வந்த 'தி ஸீ ஹாக்' படத்துக்காக வார்னர் நிறுவனம் தண்ணீர் நிரப்பக்கூடிய பெரிய அரங்கைக் கட்டி, அதற்குள்ளேயே முழு அளவுக் கப்பல்களை நிறுத்தியது. வேலை நாளில் அந்தத் தொட்டித் தண்ணீரில் கப்பல் தலைவன், வேலை முடிந்தால் நிஜக் கடலில் தன் சொந்தப் படகு. அந்தப் படகுக்கும் 'சிரோக்கோ' என்றே பெயர் வைத்திருந்தார். டென்னிஸும் நன்றாக ஆடுவார், குத்துச்சண்டையும் தெரியும், ஆனால் அதெல்லாம் கடலுக்கு அப்புறம்தான்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பதினெட்டு வயது நிரம்பாத இரண்டு பெண்கள் அவர் மேல் பாலியல் புகார் கொடுத்தார்கள், அதில் ஒருவர் படகிலேயே நடந்ததாகச் சொன்னார். 1943இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனாலும் அந்த வழக்கை இன்றும் ஏதோ மன்மத லீலை மாதிரி ரசித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, என்னை அதிகம் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். 1946இல் 'ஸாக்கா' என்ற பாய்மரக் கப்பலை வாங்கினார். 118 அடி நீளம், 1930இல் கட்டியது, போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையிடம் இருந்தது. வாங்கியதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அப்பாவையும் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் கார்ல் ஹப்ஸ் என்ற மீன் ஆய்வாளரையும் ஏற்றிக்கொண்டு மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கம் போனது. படிக்காத பிள்ளை என்று பெயர் வாங்கியவர், பேராசிரியர் அப்பாவைத் தன் சொந்தக் கப்பலில் ஆராய்ச்சிக்கு அழைத்துப் போகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்! அந்தப் பயணத்தில் பிடித்த மீன்களைப் பின்னால் விவரித்தபோது ஹப்ஸ் ஒன்றுக்கு எரோலின் பெயரையும், இன்னொன்றுக்கு அவருடைய அப்போதைய மனைவி நோராவின் பெயரையும் சூட்டினார்.

அப்புறம் ஜமைக்கா. போர்ட் அன்டோனியோவைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்து, துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் நேவி தீவை வாங்கினார், கரையில் மாட்டுப் பண்ணையும் வைத்தார். ரியோ கிராண்டே ஆற்றில் வாழைத்தார் ஏற்றிவந்த மூங்கில் தெப்பங்களில் விருந்தாளிகளை உட்கார வைத்து அனுப்புவாராம். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அங்கே தெப்பத்தில் போகிறார்கள்.

குடியும் கடனும் கடைசியில் அவரைச் சாய்த்துவிட்டன. 1959 அக்டோபரில் ஸாக்காவைக் கைமாற்றும் பேச்சுக்காகத்தான் கனடாவின் வான்கூவருக்குப் போனார், போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். வயது 50. அவ்வளவு ஆசையாக வைத்திருந்த கப்பலை விற்கும் நிலைக்கு வந்ததை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது.

அவரை நீங்களே பார்க்க வேண்டுமானால் 'கேப்டன் பிளட்'டில் தொடங்குங்கள். அதோடு 1952இல் வெளிவந்த 'குரூஸ் ஆஃப் தி ஸாக்கா' என்ற குறும்படத்தையும் தேடிப் பாருங்கள், அவரே எடுத்து அவரே பேசியிருக்கிறார். ஆராய்ச்சிப் பயணக் காட்சிகளும் அதில் இருக்கின்றன.