நான் தேறிவிட்டேன், மகன் ஏன் இன்னும் மாறவில்லை?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மனச்சோர்வு. இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வயது மூத்தவன் அப்போதுதான் அடம், தம்பியை அடிப்பது, பள்ளியில் சண்டை என்று மாறினான். ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன், சிரிக்கிறேன். அவன் மட்டும் அப்படியே இருக்கிறான். "நீ படுத்துக் கிடந்துதான் பிள்ளை கெட்டான்" என்கிறார் மாமியார். எனக்குத்தான் சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம். பாதியில் விட்டு மறுபடி சோர்ந்து வரும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். நீங்கள் சாப்பிடும் மாத்திரை உங்கள் மகனுக்கும் சேர்த்துத்தான்.

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் மனநல ஆய்வாளர் மிர்னா வைஸ்மன் குழுவினர் மனச்சோர்வு இருந்த 151 தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கவனித்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வில் சிகிச்சை தரப்பட்டது அம்மாக்களுக்குத்தான். ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்த பிள்ளைகளில், அம்மா முழுதாகத் தேறிய வீடுகளில் மூன்று மாதத்தில் 33 சதவீதம் பேர் மீண்டார்கள். அம்மா தேறாத வீடுகளில் 12 சதவீதம்தான். இன்னொன்றையும் பாருங்கள்: அம்மா தேறியும் மூன்றில் இரண்டு பிள்ளைகள் அதற்குள் மாறவில்லை.

ஏன் தாமதம்? என் அறைக்கு வரும் இந்த வயதுப் பிள்ளைகள் சிலர், தண்ணீர் கேட்கும் முன்கூட அம்மா முகத்தை ஒரு தரம் பார்ப்பார்கள். இன்றைக்குக் கேட்கலாமா, கூடாதா என்று. இரண்டு வருடம் ஊறிய அந்தப் பழக்கம் ஐந்து மாதத்தில் போகாது. பிள்ளையின் முரட்டுத்தனமும் அம்மாவைச் சோர வைக்கும். இது இரண்டு பக்கமும் ஓடுகிற விஷயம்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: இது நோய், சோம்பல் இல்லை. பழி போடுவதற்குப் பதில், தினமும் சாயங்காலம் சின்னவனை அரை மணி நேரம் அவர் வைத்துக்கொள்ளட்டும். அந்த நேரம் மூத்தவனுக்கு மட்டும். போனைத் தள்ளி வையுங்கள், விளையாட்டை அவனே சொல்லட்டும். தம்பியை அடித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், நீண்ட புத்திமதி வேண்டாம். அடிக்காமல் இருந்த நாளில் அதைக் கவனித்ததாகச் சொல்லுங்கள். அப்புறம், வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள்.

இன்னும் இரண்டு, மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் அவனுக்கும் தனியாகக் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.